சுற்றுவட்டத்தில் யார் நிற்க வேண்டும்?

மார்கழி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. ஸ்கூட்டி பழக வந்த ஒரு தங்கச்சியை முதன்முதலாக நகரத்துச் சுற்றுவட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அவர் ஒரு ஆசிரியை. எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவர், மைதானத்தில் எட்டுப் போடும்போது ஒரு தடவைகூடக் கால் ஊன்றாதவர். சுற்றுவட்டத்தின் வாயில் வந்ததும் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். பின்னால் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு கன்டர் லொறி உறுமுகிறது. கடைசியில் ஹெல்மட்டுக்குள் இருந்து அழுகிற குரலில் கேட்டார்: "சேர், இப்ப நான் போறதா, அவங்க போறதா?"

அன்று அவரை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அவருடைய கேள்வி மிகச் சரியான கேள்வி. நான் பல வருடமாக அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் வாகனம் பழக்குகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கேட்காமலே சுற்றுவட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். எனக்குப் பயம் அவர்களைப் பற்றித்தான்.

பதில் சின்னது. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன. ஆகவே சுற்றுவட்டத்தை மணிக்கூட்டு முள் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறோம். ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருவார். அவர் போகும்வரை நீங்கள் வெளியே நிற்க வேண்டும். சோற்றுக்கைப் பக்கம் பார், அங்கிருந்து ஆள் வந்தால் நில், இடைவெளி கிடைத்தால் போ. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

"உள்ளே இருக்கிறவர் கொஞ்சம் நின்று நம்மை விட்டால் என்ன குறைந்துபோகும்?" என்று சிலர் கேட்பார்கள். வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வடிச்சல் அடைபட்டிருக்கும்போது வாய்க்காலைத் திறந்துவிட்டால் வரவையில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். சுற்றுவட்டத்துக்குள் இருப்பவர் நின்றால் வெளியேறும் வழி அடைபடும், அதற்குப் பின் யாரும் அசைய முடியாது. பிரித்தானியாவில் அந்தக் காலத்து வட்டங்கள் இப்படித்தான் பூட்டிக்கொண்டு நின்றன. 1966 ஆம் ஆண்டு, வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்று அங்கே விதியாக்கிய பிறகுதான் சுற்றுவட்டம் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது. இன்று நாம் பழக்குவதும் அதே விதியைத்தான்.

விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் இவ்வளவு குழப்பம்? நம் பக்கத்தில் முக்கியமான காரணம் 'மெயின் வீதி' என்ற எண்ணம். பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதியில் ஓடுகிறவர் பல கிலோமீற்றருக்குத் தானே முதல் ஆள் என்று ஓடி வருகிறார். குறுக்கு வீதிக்காரர்கள் எல்லாரும் நின்று அவருக்கு வழி விடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அதே மனநிலையோடு அவர் சுற்றுவட்டத்துக்கும் வந்து சேர்கிறார். நான் மெயின் வீதியில் வருகிறேன், நீ குறுக்கு வீதியில் வந்தவன், நீ நில் என்று நினைக்கிறார். சுற்றுவட்டத்துக்குள் மெயின் வீதியும் இல்லை, குறுக்கு வீதியும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த சொகுசு பஸ்ஸும் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த சைக்கிளும் வாயிலில் ஒரே தகுதிதான். யார் உள்ளே இருக்கிறார் என்பது ஒன்றுதான் கணக்கு.

லைட் அடிப்பதும் இன்னொரு குழப்பம். எதிரே வருபவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை மின்னினால், பழகுகிற பிள்ளைகளில் சிலர் 'எனக்கு வழி தருகிறார்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் வீதிகளில் பெரும்பாலும் அதற்கு அர்த்தம் 'நான் வருகிறேன், நீ நில்' என்பதுதான். ஒரே வெளிச்சம், இரண்டு நேரெதிர் அர்த்தம். சுற்றுவட்டத்தில் யாருடைய லைட்டையும் நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.

சரி, இவ்வளவு குழப்பம் என்றால் சுற்றுவட்டமே வேண்டாமே, சிக்னல் விளக்குப் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். அப்படியில்லை. சாதாரண நாற்சந்தி ஒன்றில் வாகனங்களின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றை வரிசைச் சுற்றுவட்டத்தில் அவை 8 ஆகக் குறைகின்றன. அந்த எட்டிலும் நேருக்கு நேர் மோதுவதற்கு இடமில்லை, எல்லாம் ஓரமாக உரசும் கோணங்கள். வளைவு இருப்பதால் வேகமும் தானாகக் குறைகிறது. அமெரிக்காவில் பழைய சந்திகளைச் சுற்றுவட்டமாக மாற்றிய இடங்களை ஆராய்ந்தபோது, காயம் உண்டாக்கும் விபத்துகள் ஏறத்தாழ முக்கால்வாசி குறைந்திருந்தன. சுற்றுவட்டம் உயிர் காக்கிற அமைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த நன்மை முழுவதும் இருசக்கர வண்டிக்காரருக்குக் கிடைப்பதில்லை. ஓரமாக உரசினால் காருக்குக் கதவு நெளியும், மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு எலும்பு முறியும்.

என்னிடம் பழகிப்போன ஒரு தம்பி, ஓடாவி வேலை செய்கிறவர். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் மஃரிப் பாங்கு சொல்லும் நேரம், வேலை முடிந்து வந்தவர் சுற்றுவட்டத்துக்குள் சரியாக நுழைந்து சரியாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இடப்பக்க வாயிலில் நின்ற வான் ஒன்று திடீரென்று உள்ளே வந்து இடித்துவிட்டது. காறை எலும்பு முறிந்து, முழங்காலும் கிழிந்து போனது. மாதக்கணக்காக உளி பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சேர், நான் சரியாத்தானே போனன்?"

சரியாகத்தான் போனார். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். விதியைப் படிப்பித்துவிட்டேன். அந்த விதி தெரிந்தும் மற்றவர் நம்மைக் காணாமல் விடலாம் என்பதை அவருக்குப் போதுமான அளவு படிப்பித்தேனா?

வான் சாரதி சொன்னது, "கண்ணுக்குத் தெரியவே இல்லை" என்று. பலர் அதைப் பொய் என்றார்கள். நான் நம்புகிறேன். முன் கண்ணாடிக்கும் பக்கக் கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதல்லவா, சற்றுத் தூரத்தில் வரும் ஒரு மோட்டார் சைக்கிளை முழுதாக மறைக்க அது போதும். நீங்கள் வட்டமாக நகர்கிறீர்கள், அவர் மெல்ல முன்னுக்கு ஊர்கிறார். இரண்டும் ஒத்துப்போனால் பல விநாடிகள் நீங்கள் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருப்பீர்கள். இன்னொன்றும் உண்டு. சின்னப் பொருள் தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் மனித மூளை கணக்குப் போடும். பஸ் வந்தால் நிற்கிற அதே சாரதி, பஸ்ஸின் அதே வேகத்தில் மோட்டார் சைக்கிள் வந்தால் 'இன்னும் நேரம் இருக்கு' என்று எடுத்துவிடுவார். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 14 மீற்றர் போகிறோம். 30 இல் வந்தால் 8 மீற்றர்தான். அந்த ஆறு மீற்றர் வித்தியாசத்தில் ஒரு உயிர் தப்பும்.

அந்தத் தம்பிக்குப் பிறகு நான் படிப்பிக்கும் முறையை மாற்றினேன். வாயிலில் நிற்கும் வாகனத்தின் சாரதி முகத்தைப் பார்க்காதீர்கள் என்கிறேன். உங்களைப் பார்ப்பது போலவே இருப்பார், பார்த்திருக்க மாட்டார். அவருடைய முன் சில்லைப் பாருங்கள். சில்லு உருண்டால் அவர் வருகிறார், அவ்வளவுதான். முகம் ஏமாற்றலாம், சில்லு ஏமாற்றாது. பகலிலும் ஹெட்லைட் எரியட்டும்.

நிற்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மோட்டார் சைக்கிள் என்றால் ஓரமாப் போகணும்" என்று வீட்டில் வாப்பாவோ மாமாவோ சொல்லித் தந்திருப்பார்கள். நேர் வீதியில் அது பெரும்பாலும் சரி. ஒற்றை வரிசைச் சுற்றுவட்டத்தில் அதே பழக்கம் ஆபத்து. வெளி ஓரத்தை ஒட்டிக்கொண்டே மூன்றாவது வழிக்குப் போகிறவரை, இரண்டாவது வழியில் வெளியேறும் கார் குறுக்கே வெட்டும். வரிசையின் நடுவில் ஓடுங்கள், முன்னால் போகும் வாகனத்துக்குப் பின்னால் ஒரு வாகனமாக. இப்படி ஓடும்போது பின்னால் வருபவர் ஹோர்ன் அடிப்பார். அடிக்கட்டும்.

பஸ், லொறி, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம், இவற்றின் பக்கத்தில் ஒருபோதும் நுழைய வேண்டாம். நீளமான வண்டி திரும்பும்போது பின் சில்லு முன் சில்லு போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டும். சுற்றுவட்டத்துக்குள் சுற்றும்போது வலப்பக்கம் ஒடுங்குகிறது. இடப்பக்கமாக வெளியேறும்போது இடப்பக்கம் ஒடுங்குகிறது. ஆக எந்தப் பக்கமும் பாதுகாப்பில்லை, பின்னால் நிற்பது ஒன்றுதான் வழி. அறுவடைக் காலத்தில், பின் விளக்கே இல்லாமல் நெல் மூட்டை ஏற்றிய பெட்டிகள் மங்கல் நேரத்தில் சம்மாந்துறைப் பக்கமிருந்து காரைதீவுச் சந்தியை நோக்கி வரும்போது இதை இன்னும் கவனிக்க வேண்டும். உழவு இயந்திரக்காரருக்கு எஞ்சின் சத்தத்தில் உங்கள் ஹோர்ன் கேட்காது.

பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுங்கள். வண்டி சரிந்திருக்கும்போது டயரின் பிடியில் பெரும்பங்கு திரும்புவதற்கே செலவாகிறது. அப்போது முன் பிரேக்கை அழுத்தினால் மிச்சமிருக்கும் பிடியும் போய்விடும். நம் கரையோரத்தில் காற்று கொண்டுவந்து போடும் மணல் எப்போதும் வளைவின் ஓரத்தில்தான் சேரும். மழைக்காலத்தில் மஞ்சள் கடவையின் பெயின்ற் சவர்க்காரம் போல வழுக்கும். பின்னால் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: வண்டி சரியும் பக்கமே அவரும் சரிய வேண்டும், பயந்து எதிர்ப்பக்கம் சாயக்கூடாது. சேலைத் தலைப்பையும் அபாயா நுனியையும் ஏறும்போதே ஒதுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு டாங்கியில் ஒன்றும் பின்னால் இரண்டுமாகப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவட்டத்தைச் சுற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வண்டியில் நாம் போடும் திரும்பும் சிக்னலைப் பற்றி இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். உள்ளே போவதற்கு முன் போடும் சிக்னலை விட வெளியேறும்போது போடும் இடது சிக்னல்தான் மற்றவருக்கு உதவும். நீங்கள் வெளியேற வேண்டிய வழிக்கு முந்திய வழியைத் தாண்டியதும் இடது சிக்னலைப் போடுங்கள். வாயிலில் காத்திருப்பவருக்கு 'இவர் என் குறுக்கே வரமாட்டார்' என்று அப்போதுதான் தெரியும். நம் ஊரில் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்யாததால்தான் வாயிலில் நிற்பவர்கள் பொறுமை இழந்து ஊகத்தில் எடுக்கிறார்கள். அப்புறம் இன்னொரு பிழை, அக்கரைப்பற்றுச் சுற்றுவட்டத்தில் வலப்பக்கம் போக வேண்டும் என்று வட்டத்தைச் சுற்றாமல் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னாலேயே குறுக்கே வெட்டுவது. அந்த வட்டத்தைச் சுற்றி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கையில் மணிக்கூடு வைத்து எண்ணிப் பார்த்தேன். பத்து விநாடிகூட இல்லை.

கார், வான் ஓட்டுகிற அண்ணன்மார், அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். வாயிலில் நிற்கும்போது இருக்கையில் சாய்ந்தபடி பார்க்காமல், உடம்பைக் கொஞ்சம் முன்னுக்கும் பக்கத்துக்கும் அசைத்து அந்தத் தூணைத் தாண்டிப் பாருங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை பாருங்கள். பஸ் வருகிறதா என்று தேடாதீர்கள், மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று தேடுங்கள். எதைத் தேடுகிறோமோ அதுதான் கண்ணில் படும்.

அந்த ஆசிரியைத் தங்கச்சியின் கதைக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு அவரை வண்டியில் ஏற்றவில்லை. அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு கடைத் திண்ணையில் நிறுத்தி, அரை மணி நேரம் சும்மா பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு வாகனம் வரும்போதும் 'நிற்கும்', 'போகும்' என்று அவரே சொல்ல வேண்டும். முதலில் பாதி பிழைத்தது. கொஞ்ச நேரத்தில் சில்லைப் பார்த்தே சொல்லத் தொடங்கினார். அதற்கு அடுத்த வாரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகச் சுற்றி வந்தார். புதிதாக லைசன்ஸ் எடுத்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நீங்களும் இப்படிக் கூட்டிப்போய் நிறுத்துங்கள். காசு செலவில்லை.

அன்று அந்தத் திண்ணையில் நிற்கும்போது அவரே ஒன்றைக் கவனித்துச் சொன்னார். எதிர்ப்பக்க வாயிலில் நிற்பவர்களுக்கு வலப்பக்கம் தெரியவே இல்லை, ஒரு பெரிய பதாகை மறைத்துக்கொண்டிருந்தது. திருவிழா, கந்தூரி, தேர்தல், கிரிக்கெட் போட்டி, பிள்ளைகள் பரீட்சையில் சித்தியடைந்ததற்கு வாழ்த்து, எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரின் கண், நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்தில் கட்டிய பதாகை அவருடைய பார்வையை மறைக்கும். அடுத்த தடவை பதாகை கட்டுகிற இளைஞர்கள் சுற்றுவட்டத்தையும் அதன் வாயில்களையும் விட்டுவிட்டு நூறு மீற்றர் தள்ளிக் கட்டுங்கள்.