டயட் தொடங்கும் முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

எடையைக் குறைக்கப் போகிறேன் என்று சொன்ன யாரையும் நான் தடுத்ததில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் வருடக்கணக்கில் அதைத்தானே கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்! ஆனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு, மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்குகிறார்கள். இந்த மாதமும் ஒருவர் அப்படி வந்து சேர்ந்தார்.

அறுபதை நெருங்கும் வயது. விடியற்காலையில் நடக்கப் போனவர் பூங்கா பெஞ்சிலேயே சரிந்துவிட்டார். பேச்சு குழறியதைப் பார்த்து, பக்கவாதம் என்று பயந்து தூக்கி வந்தார்கள். பிழிந்தால் சொட்டும் அளவுக்குச் சட்டை நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, நான் எப்படி இங்கே வந்தேன் என்று கேட்டார். ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று அவர் மனைவியிடம் விசாரித்தேன்.

"இப்பல்லாம் ஒரு வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர். அவ்வளவுதான் டாக்டர். ஆறு கிலோ குறைஞ்சிருக்கார்."

"மாத்திரை?"

"அதெல்லாம் ஒரு வேளைகூட விடமாட்டார்."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். மெட்ஃபார்மினோடு சேர்ந்த கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், காலையும் இரவும்.

"குறைவாகச் சாப்பிட்டால் மாத்திரைக்கு வேலை குறைவு, அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். படித்தவர்களும்தான். சாப்பாட்டில் இருக்கும் சர்க்கரையைத் தேடிப் பிடித்துக் கரைப்பதுதான் மாத்திரையின் வேலை என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. கிளிமெபிரைடு அப்படி வேலை செய்வதில்லை. அது கணையத்தைப் பிடித்து "இன்சுலினைச் சுரந்துவிடு" என்று விரட்டும் மருந்து. ரத்தத்தில் சர்க்கரை 250 இருந்தாலும் விரட்டும், 90 இருந்தாலும் விரட்டும். மேல்தொட்டி நிரம்பியதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று மோட்டாருக்குத் தெரியுமா? ஸ்விட்சைப் போட்டால் ஓடும். நீங்கள் மூன்று கரண்டி சோறு சாப்பிட்ட காலத்தில் எழுதிக் கொடுத்த அளவு அது. இன்று தட்டில் இருப்பது வெள்ளரிக்காய் மட்டும் என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எடை குறையக் குறைய, சுரக்கும் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்யத் தொடங்கும். நடைப்பயிற்சி அதை இன்னும் கூட்டும். ஆகவே ஆறு மாதம் முன்பு உங்களுக்குச் சரியாக இருந்த அதே மாத்திரை, இன்று அதிகம். டயட் பலிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி வேண்டாம். மாத்திரையைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது, வந்து சொல்லுங்கள் என்றுதான் மன்றாடுகிறேன்.

சாப்பாட்டைக் குறைத்தே சர்க்கரை நோயை விரட்டலாம் என்று யூடியூபில் பேசுபவர்கள் பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' (DiRECT) என்ற ஆய்வைச் சொல்வார்கள். உண்மைதான். 2017-ல் வெளியான ஆய்வு அது. நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்து எடையைக் குறைத்ததில், ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அந்த ஆய்வில் டயட் தொடங்கிய முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். இன்சுலின் போடுபவர்களைச் சேர்க்கவே இல்லை. இந்தப் பாதியை மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை?

சரி, உங்கள் அட்டையைத் திருப்புங்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு இவற்றில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, டயட்டுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் தாழ்சர்க்கரைப் பயம் மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளில் வேறு வகை ஆபத்து. விலை இறங்கியதிலிருந்து இவற்றைப் பரவலாக எழுதுகிறோம். இதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அறவே விட்டாலோ, பட்டினி கிடந்தாலோ, உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரலாம். சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே இது நடக்கும். "சுகர் நார்மல்தானே" என்று வாந்தியையும் வயிற்று வலியையும் மூச்சு வாங்குவதையும் அசட்டையாக விடாதீர்கள். பிரஷர் மாத்திரை போடுபவருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதுவும் டயட்டின் விளைவாக இருக்கலாம்.

அதற்காக நீங்களே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வந்து நிற்காதீர்கள். அப்படிச் சர்க்கரை 500-க்கு ஏறி வருபவர்களையும் பார்க்கிறோம்.

எடை குறைய வெள்ளரிக்காய் விரதம் தேவையில்லை. 80 கிலோ எடை உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே பலன் தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோ போதும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் காயும் பருப்பும் அல்லது முட்டையும் வையுங்கள். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினேன் என்பவர்கள் எத்தனை சப்பாத்தி, எவ்வளவு எண்ணெய், குருமாவில் எத்தனை தேங்காய் என்றும் சொல்ல வேண்டும். எண்ணெய் ஊற்றாத சின்னச் சப்பாத்தியே கிட்டத்தட்ட 100 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் எண்ணெய் தீர்ந்தால், முதலில் அதைப் பாருங்கள். நாலு மணி டீயோடு வரும் பஜ்ஜியும் பிஸ்கட்டும் மிக்சரும் கணக்கில் வராமலே உள்ளே போகின்றன.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவைச் சீராக்கி, நடந்தார்கள். எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை மிஷின் முள் நகரவில்லை என்று நடையை நிறுத்துபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடங்கள். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது, நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது என்று தசைக்கும் வேலை கொடுங்கள். பட்டினியில் கரைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும்தான். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு புல்லில் நடக்கவே கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றாலோ, பார்க்கக் கருவி கையில் இல்லை என்றாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரோ காபியோ ஊற்றவே கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகவும் அவசரப்படாதீர்கள். மாத்திரை உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் பல மணி நேரம் கழித்துச் சர்க்கரை மறுபடி இறங்கும். ராத்திரி தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.