ஆளுயர வளைவுக் கண்ணாடியைச் சும்மா சாய்த்து வைக்காதீர்கள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, ஹாலுக்கு வளைவுக் கண்ணாடி வேணும், ஆளுயரத்துக்கு." ஆசையில் நியாயம் இருக்கிறது. தாமான் எனும் குடியிருப்புகளின் வரிசை வீடுகளில் சன்னல் முன்னாலும் பின்னாலும்தான். நடுப்பகுதி பகலிலேயே மங்கலாக இருக்கும். மேல்பக்கம் வளைந்த கண்ணாடியை அங்கே வைத்தால் இன்னொரு வாசல் திறந்த மாதிரி வெளிச்சம் பரவும். கண்ணாடி பொருத்துவது என் தொழில், அந்த அழகு எனக்கும் பிடிக்கும். சுவரில் சும்மா சாய்த்து வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பயம்.

5 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ இருக்கும். ஆறடி உயரம், இரண்டரை அடி அகலம் என்றால் ஃபிரேம் இல்லாமலே 16 கிலோவைத் தாண்டிவிடும். அதிகம் சாய்த்தால் வழவழப்பான டைல்ஸ் தரையில் அடிப்பக்கம் வழுக்கும். நிமிர்த்தி வைத்தாலோ, பிடித்து நடக்கப் பழகும் பிள்ளை இழுத்ததும் முன்னால் கவிழும். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் இதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வருவதில்லை.

மேலே இரண்டு இடத்தில் சுவரோடு பிணைத்துவிடுங்கள். செங்கல் சுவர் என்றால் டிரில் போட்டு, துளைக்குள் பிளக் வைத்து, ஸ்க்ரூ முடுக்கினால் போதும். தட்டிப் பார்த்து 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால் அது ஜிப்சம் தடுப்பு. உள்ளே சட்டம் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து அதில்தான் அடிக்க வேண்டும். தோட்டத்துப் பழைய பலகை வீடுகளிலும் பலகையை நம்பாதீர்கள், தூணில் முடுக்குங்கள். இரட்டைப்பக்க டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பசை இளகிவிடும்.

ஃபிரேம் இல்லாத கண்ணாடியைச் சுவரில் ஒட்டுவதாக இருந்தால் சிலிகான் பசையைக் கவனியுங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை, பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். கண்ணாடிக்கென்று இருக்கும் நியூட்ரல் சிலிகானை ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், பின்பக்கம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். உடைந்தாலும் சில்லுகள் பெரும்பாலும் அதிலேயே ஒட்டி நிற்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, சன்னலுக்கு நேர் எதிரே வைப்பதைவிடப் பக்கத்துச் சுவரே நல்லது. மேற்குச் சன்னலுக்கு எதிரே மாட்டினால் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும். குளியலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம், ஈரத்தில் ஓரம் கறுத்துப்போகும். துடைக்கும்போது துணியைத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். கண்ணாடி மேலே தெளித்தால் அது வழிந்து விளிம்புக்குள் இறங்கிவிடும்.

ஆன்லைனில் வாங்கினால் பார்சல் வந்ததும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கொக்கி ஃபிரேமில் முடுக்கியிருந்தால் சரி. பின்னட்டையில் அடித்திருந்தால் எடை தாங்காது, திருப்பி அனுப்பிவிடுங்கள்.