வெளிநாடு போகும்போது கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ளலாம்?

கூடலூர், பந்தலூர் பக்கம் வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறைய. கோத்தகிரி, குன்னூரில் டேன்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில், இலங்கையின் அட்டன், நுவரெலியா பக்கம் இன்னும் சொந்தம் விட்டுப்போகாத குடும்பங்கள் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். இவர்கள் கோவைக்கோ கோழிக்கோட்டுக்கோ மதுரைக்கோ இறங்கி விமானம் ஏறும்போது மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கடத்தலால் அல்ல, விதி தெரியாததால். ரூபாய்க்கு ஒரு விதி, டாலர், திர்ஹாம் நோட்டுக்கு வேறு விதி, போய் இறங்கும் நாட்டுக்கு இன்னொரு விதி. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பணம் போகிறது.

முதலில் நம்ம ரூபாய். ஆளுக்கு 25,000 ரூபாய் வரை வெளியே கொண்டுபோகலாம், திரும்பும்போதும் அதே 25,000 வரை கொண்டுவரலாம். கணவன், மனைவி இருவரும் போனால் தலைக்கு 25,000. இந்தப் பணம் திரும்பி வந்து இறங்கியதும் மலை ஏற பஸ்ஸுக்கோ டாக்சிக்கோ உதவும், அவ்வளவுதான். நேபாளம், பூடானுக்கு மட்டும் சலுகை உண்டு: நூறு ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள நோட்டு எவ்வளவும் கொண்டுபோகலாம், 200, 500 ரூபாய் நோட்டு என்றால் மொத்தம் 25,000 வரை. முக்திநாத் யாத்திரை போகிறவர்கள் நூறு ரூபாய்க் கட்டாக எடுத்துக்கொள்வது நல்லது.

அட்டனில் அக்கா பேத்திக்குக் கல்யாணம், மொய்யாக ஒரு லட்சம் செய்யவேண்டும் என்று கோத்தகிரியில் ஒரு அம்மா நினைக்கிறார் என்று வையுங்கள். ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளாகப் பையில் போட்டுக்கொண்டு போனால் 25,000க்கு மேல் உள்ளது அத்தனையும் பறிமுதலுக்கு உரியது. அதே ஒரு லட்சத்துக்கு டாலர் வாங்கிக்கொண்டால் தாராளமாகப் போகலாம். வங்கியிலோ ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனத்திலோ பாஸ்போர்ட், பான் அட்டை, டிக்கெட் காட்டி வாங்கவேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாக வாங்கமாட்டார்கள். கணக்கிலிருந்து காசோலையாகவோ பரிமாற்றமாகவோ தரவேண்டும். எதுவும் கையில் சுமக்க வேண்டாம் என்றால் வங்கி வழியாகவே அன்பளிப்பாக அனுப்பலாம். வயதானவர்களுக்கு அதைத்தான் நான் சொல்வேன்.

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வாங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டிலோ பயணிகள் காசோலையிலோ வைத்துக்கொள்ளவேண்டும். ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு இந்த 3,000 வரம்பு கிடையாது. ஹஜ் கமிட்டி வரம்பு சொன்னால் அதுவரை நோட்டாகவே வாங்கலாம். எல்லாம் சேர்த்து, அனுப்பும் பணமும் உட்பட, ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் உச்சம். நம்மில் பலருக்கு அது எட்டாத தொகை என்பதால் அதைப்பற்றி இங்கே அதிகம் பேசவில்லை. வாங்கிய ரசீதைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். சுங்க அதிகாரி "இது எங்கே வாங்கினது?" என்று கேட்டால் காட்டவேண்டியது அந்தத் தாளைத்தான்.

அப்புறம், உள்ளே வரும்போது. வெளிநாட்டுப் பணம் கொண்டுவர உச்சவரம்பே கிடையாது. ஆனால் நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, நோட்டும் பயணிகள் காசோலையும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, சுங்கத்தில் பணம் பற்றிய அறிவிப்புப் படிவம் எழுதிக் கொடுக்கவேண்டும். திர்ஹாமோ ரியாலோ, டாலர் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டியது உள்ளவர்கள் போகும் சிவப்பு வழியில் போய் அங்கேயே படிவம் வாங்கலாம். சுங்கத்துறையின் 'அதிதி' செயலியில் முன்கூட்டியும் பதியலாம்.

இந்தப் படிவத்தைப் பார்த்து ஊரில் பயப்படுகிறார்கள், வரி பிடித்துவிடுவார்கள் என்று. பிடிக்கமாட்டார்கள். அறிவிப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. உண்மையில் அது உங்களைக் காக்கும் தாள். தங்கை கல்யாணத்துக்காக அபுதாபியிலிருந்து 8,000 டாலர் நோட்டுடன் ஒரு தம்பி பந்தலூர் வருகிறார். கல்யாணம் தள்ளிப்போகிறது. பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும்போது, முத்திரை குத்திய படிவம் இருந்தால் "நான் கொண்டுவந்ததுதான்" என்று காட்டலாம். இல்லையென்றால் அவர் வாயால் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

போய் இறங்கும் நாட்டின் அறிவிப்பு வரம்பு தனி. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல். ஒன்றாகப் பயணம் செய்யும் குடும்பத்தின் பணம் மொத்தமாகச் சேர்த்துக் கணக்கிடப்படும். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்துத் தப்பிக்க முயல்வது அங்கே தனிக் குற்றம். சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல், அமீரகத்தில் 60,000 திர்ஹாமுக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவைத் தொட்டாலே சொல்லவேண்டும். அங்கே இன்னொன்று: 90 சதவீதத்துக்குக் குறையாத தங்கம் உள்ள காசும் பணமாகவே கணக்கு. ஜெர்மனியில் இருக்கும் மகள் வளைகாப்புக்கு நாம் கொண்டுபோகும் 22 கேரட் காசு அதில் அடங்கும், நகை அடங்காது. பயணிகள் காசோலை, மணி ஆர்டர், கொண்டுவருபவருக்கே பணம் தரும் காசோலை எல்லாமே அமெரிக்கக் கணக்கில் சேரும். ஃபாரெக்ஸ் கார்டில் உள்ளது சேராது.

மறைத்து மாட்டினால் 1962 சுங்கச் சட்டப்படி பறிமுதல், அபராதம். 1999 அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தொகையைப் போல் மூன்று மடங்குவரை தண்டம். பணம் யாருடையது என்பதற்கு முன்னால் யார் கையில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். அதனால் விமானம் ஏறும் நாளில் பக்கத்து வீட்டு அண்ணன் "இந்தக் கவரை மட்டும் அங்கே கொடுத்திருப்பா" என்றால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். முகம் வாடினாலும் பரவாயில்லை.

ஊர் திரும்பிய பின் மிச்சமுள்ள வெளிநாட்டுப் பணத்தில் 2,000 டாலர் வரை நோட்டாகவோ பயணிகள் காசோலையாகவோ வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், சில்லறைக் காசுக்கு வரம்பில்லை. மற்றதை 180 நாட்களுக்குள் வங்கியிலோ பணமாற்று நிறுவனத்திலோ கொடுத்து ரூபாயாக மாற்றிவிடவேண்டும்.