பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: சுவரைத் துளைக்கும் முன் மெயின் போர்டைப் பாருங்கள்

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஃபேனை வாங்கி வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். “சின்ன ஃபேன்தான் அண்ணே, அரை மணி நேர வேலை” என்பார்கள். ஃபேனைச் சுவரில் நிறுத்துவது சின்ன வேலைதான். ஆனாலும் வீட்டுக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது மெயின் போர்டைத்தான். எர்த் வயர் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சை வயர்) வருகிறதா, ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா, இன்வெர்ட்டர் லைன் எங்கே பிரிகிறது என்பதெல்லாம் தெரியாமல் பாத்ரூமுக்குள் புதிதாக எதையும் மாட்டக் கூடாது.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். நனைந்த உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட் பட்டால் உடம்பின் வழியே 230 மில்லி ஆம்பியர் வரை ஓடலாம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கையை எடுக்க முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. இப்போது ஃபேனைப் பாருங்கள். 40 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது எடுப்பது சுமார் 170 மில்லி ஆம்பியர். அதாவது ஒரு மனிதர் ஷாக்கில் மாட்டிக்கொண்டு நிற்பதும், கூடுதலாக ஒரு ஃபேன் ஓடுவதும் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் லைனைத் துண்டிக்கும் சுவிட்சுக்கு) ஏறக்குறைய ஒன்றுதான். அது விழாது, அதாவது லைனைத் துண்டிக்காது. “எல்லாத்துக்கும் எம்.சி.பி. போட்டிருக்கோமே” என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.

பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று ஆர்.சி.சி.பி. ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் லைனைத் துண்டித்துவிடும். தமிழ்நாட்டில் புது இணைப்பு வாங்க இப்போது இது கட்டாயம். பழைய வீடுகளில்தான் சிக்கல். பலவற்றில் இது இல்லவே இல்லை. சிலவற்றில் பெட்டிக்குள் இருக்கும், ஆனால் வேலை செய்யாதபடி பைபாஸ் செய்திருப்பார்கள். “அடிக்கடி விழுந்துச்சு, அதனால எடுத்துவிட்டாங்க” என்பார் வீட்டுக்காரர். அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிகிறது, அல்லது எங்கோ நியூட்ரல் மாறிக் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிச் சரிசெய்யாமல் கருவியை எடுத்துவிட்டுப் போவது பெரிய தவறு.

அடுத்தது எர்த். பழைய வீடுகளில் தண்ணீர் வரும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையே எர்த்தாக வைத்திருந்த வழக்கம் உண்டு. பிற்பாடு துருப்பிடித்த பைப்பை எடுத்துவிட்டு பி.வி.சி. போடுகிறார்கள். அன்றைக்கே அந்த வீட்டின் எர்த் போய்விடுகிறது, யாருக்கும் தெரிவதில்லை. பச்சை வயர் பார்வைக்கு இருக்கும், மறுமுனை எதிலும் சேர்ந்திருக்காது. இன்னும் மோசம், எர்த் இல்லாத இடத்தில் பச்சை வயரை நியூட்ரலோடு முறுக்கிவிடுவது. என்றாவது நியூட்ரல் அறுந்தால் ஃபேனின் இரும்பு உடல் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிடைக்கும் அளவு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கிடைப்பதற்கு நெருங்கி இருக்க வேண்டும். இது முதல் சோதனைதான். எர்த் குழி உண்மையில் மின்சாரத்தை வாங்குகிறதா என்பதை எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால்தான் உறுதியாகும். இரும்பு ஃபேன் என்றால் மூன்றாவது வயரான எர்த் இல்லாமல் மாட்டவே கூடாது. எர்த் முனையே இல்லாத பிளாஸ்டிக் ஃபேனாக இருந்தாலும் சரி, பாயிண்ட் வரை எர்த் வயரை இழுத்து வையுங்கள். நாளைக்கு அந்த இடத்தில் வேறு ஃபேன் வரலாம்.

வீட்டில் பெரியவர்கள், “குளிக்கும்போது குழாயைத் தொட்டா லேசா ஜிவ்வுங்குதுப்பா” என்று சொன்னால் தயவுசெய்து அதை அலட்சியம் செய்யாதீர்கள். பிரமை, வயசாச்சு என்று தள்ளாதீர்கள். ஈரச் சுவரில், ஜன்னல் கம்பியில், குழாயில் அந்த ஜிவ்வு இருந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. இன்றைக்கு லேசாக இருப்பது, மழைக்காலத்தில் சுவர் ஊறியதும் லேசாக இருக்காது. ஹீட்டர், ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கசிவு கண்டுபிடிக்கப்படும் வரை அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாமல் இருங்கள்.

இப்போது இன்வெர்ட்டர். நம் ஊரில் தானே ஃபேன் மாற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மெயினை ஆஃப் செய்துவிட்டு நம்பிக்கையோடு வயரைத் தொடுவார்கள். மெயின் போனதும் கரண்ட் கட் என்று நினைத்து இன்வெர்ட்டர் ஓட ஆரம்பித்திருக்கும். லைட், ஃபேன் லைன்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். அதனால் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலும் பயனில்லை, வெளி மின்சாரம் அதன் வழியாக நேராகப் போய்க்கொண்டிருக்கும். லைனை ஆஃப் செய்யும் முன்பே, வேலை செய்யப்போகும் முனையில் டெஸ்டரை வைத்து எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆஃப் செய்துவிட்டு, பேஸ், நியூட்ரல் என்று எல்லா வயரிலும் வைத்துப் பாருங்கள். சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே சுவிட்சை அணைத்த பிறகும் ஃபேனில் பேஸ் இருக்கும்.

இன்னொரு விஷயம். மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி., கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓடும் லைனுக்குப் பாதுகாப்பு தராது. அதனால் எக்ஸாஸ்ட் ஃபேனை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கரண்ட் இல்லாத நேரத்தில் ஆவி போகாவிட்டால் குடி முழுகிவிடாது. பேஸும் நியூட்ரலும் ஒரே ஆர்.சி.சி.பி.யிலிருந்து வரட்டும், பேஸ் இங்கே, நியூட்ரல் இன்வெர்ட்டர் பக்கம் என்று எடுத்தால் அது விழுந்துகொண்டே இருக்கும்.

ஃபேனின் அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 8 அடிக்கு 5 அடி, 9 அடி உயரமுள்ள பாத்ரூமில் இருப்பது சுமார் 10 கன மீட்டர் காற்று. மணிக்குப் பத்து முறை அதை மாற்ற 100 கன மீட்டர் தள்ளும் ஃபேன் போதும். 6 இன்ச் ஃபேன் தாராளமாகச் செய்யும். கதவுக்கு அடியில் அரை இன்ச்சுக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். காற்று உள்ளே வர வழியில்லை என்றால் எவ்வளவு பெரிய ஃபேனும் சும்மாதான் சுற்றும். கதவுக்கு எதிர்ச் சுவரில், ஷவரில் நிற்பவரின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியேதான். லிண்டலையும் (கதவு, ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை) பீமையும் வெட்டாதீர்கள். சுவிட்ச் போர்டுக்கும் குழாய்க்கும் நேர் மேலே டிரில் வைக்காதீர்கள், உள்ளே பைப்போ வயரோ போயிருக்கும். துளை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே வராது. வெளியே மழை மூடியும் வலையும் போட்டுவிடுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றி விடுவது ஆவி அடிக்கும் இடத்தில் நிற்காது. கனெக்டர் போட்டு, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கமோடின் மேல் ஏறி நின்று வேலை செய்யவே கூடாது.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருக்கிறது, அதனால்தான் ஃபேன் மாட்டுகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். கேஸ் எரியும்போது காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழுந்து இறந்த சம்பவங்கள் இந்தியாவில் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. காற்று வரும் வழி குறைவான அறையில் ஃபேன் இழுத்தால், புகைக்குழாய் வழியே வெளியே போக வேண்டிய வாயு திரும்பி உள்ளேயே வரவும் கூடும். கேஸ் கீசரை பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். அதுவரை அதைப் பற்ற வைக்காதீர்கள்.

மாட்டி முடித்த பிறகு, லைன் இருக்கும்போதே ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். குளித்து முடித்து 15, 20 நிமிடம் ஃபேன் ஓடினால் போதும், இரவு பகலாக ஓட வேண்டியதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை லைனை அணைத்துவிட்டு இறக்கையைத் துடையுங்கள், வெளியே புறா கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சுள்ளி சிக்கி, ஃபேன் சுற்றாமல் உறுமினால் குச்சியால் தள்ளிவிட்டு ஓட வைக்காதீர்கள். உடனே சுவிட்சை அணையுங்கள். நின்ற நிலையில் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் மோட்டார் சுருளின் இன்சுலேஷன் கருகிவிடும். அப்படிப்பட்ட ஃபேனை எலக்ட்ரீஷியன் கழற்றிச் சோதித்த பிறகே மறுபடி போட வேண்டும்.