மோதல்: கேபிளுக்குக் கேட்கும், வைஃபைக்குக் கேட்காது

1970 வாக்கில் ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிக்கல். பெரிய கம்ப்யூட்டர் இருந்தது ஓவாஹு தீவில். அதைப் பயன்படுத்த வேண்டியவர்களில் பலர் மற்ற தீவுகளில். நடுவில் கடல். அங்கே பேராசிரியராக இருந்த நார்மன் ஆப்ராம்சன், தொலைபேசிக் கம்பியை விட்டுவிட்டு வானொலி அலை வழியாகவே இணைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அலைச்சறுக்கு மேல் இருந்த ஆசையில் ஹவாய்க்குக் குடிவந்த மனிதர் அவர். 1971 ஜூனில் அவர் குழுவின் அலோஹாநெட் ஓடத் தொடங்கியது.

தீவுகளில் ஒவ்வொருவர் முன்னும் இருந்த கீபோர்டு கருவிக்கு முனையம் என்று பெயர். எல்லா முனையங்களும் அனுப்புவதற்கு ஒரே அலைவரிசைதான். ஆளுக்கு ஒன்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் கீபோர்டு முன் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலான நேரம் யோசித்துக்கொண்டிருப்பார். அவருக்கென்று ஒதுக்கியது சும்மா கிடக்கும். அதனால் ஆப்ராம்சன் குழு துணிந்து ஒரு விதி வைத்தது. அனுப்ப ஏதாவது இருந்தால் யாரையும் கேட்காமல் உடனே அனுப்பிவிடு. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மையக் கம்ப்யூட்டர் வேறொரு அலைவரிசையில் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும். பதில் வரவில்லையா? வேறு யாருடையதோடோ மோதிச் சிதைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு.

அந்தக் ‘கொஞ்ச நேரம்’ எவ்வளவு என்பதை ஒவ்வொரு முனையமும் தன் போக்கில், குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே அளவு பொறுத்தால், முன்பு மோதிய இரண்டும் திரும்பவும் மோதும். யாரும் யாரையும் மேய்க்காமலே ஒரு பொதுப் பாதையைப் பங்கிட முடியும் என்று காட்டியது இந்தக் குலுக்கல்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றால், அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம் சொச்சம்தான் உருப்படியாகப் போய்ச் சேரும். கூட்டம் அதற்கு மேல் போனால் மோதல்தான் பெருகும்.

ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்கால்ஃப், கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் இருந்தார். ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை இணைப்பது அவர் வேலை. 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில் தன் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர் வைத்தார். டேவிட் பாக்ஸும் அவரும் சேர்ந்து கட்டிய முதல் நெட்வொர்க், ஒரே கோ-ஆக்சியல் கேபிளில் விநாடிக்கு 29.4 லட்சம் பிட் அனுப்பியது. ஹவாய் விதியில் அவர்கள் சேர்த்தது இரண்டு. பேசுவதற்கு முன் கேபிளில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கவனி. பேசும்போதும் கவனித்துக்கொண்டே இரு.

இரண்டாவது விதியில்தான் சூட்சுமம். கேபிளில் ஒருவர் பேசினால் மின் அளவு ஒரு வரம்புக்குள் இருக்கும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அது வரம்பைத் தாண்டிவிடும். அதைப் பார்த்ததுமே மோதல் என்று தெரிந்துவிடும். உடனே அனுப்புவதை நிறுத்திவிட்டு, மற்றவர்களுக்கும் தெரியும்படி 32 பிட் அளவு இரைச்சலைப் போட்டுவிட்டு விலகிவிடலாம். கெட்டுப்போன செய்தியைக் கடைசிவரை அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் சிக்னல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக நேரம் ஆகும். அந்தக் கேபிளில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 2,30,000 கிலோமீட்டர். 1980-களில் பரவிய 10 மெகாபிட் ஈதர்நெட்டில் ஒரு பிட் கேபிளுக்குள் 23 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும். நெட்வொர்க்கின் உச்ச நீளம் 2,500 மீட்டர். நான் ஒரு கோடியில் பேசத் தொடங்கி, என் சிக்னல் மறுகோடியைத் தொடப்போகும் நொடியில் அங்கிருப்பவரும் பேசத் தொடங்கினால், அந்த மோதல் என் காதுக்கு வர சிக்னல் திரும்பவும் அவ்வளவு தூரம் வர வேண்டும். அதற்குள் நான் பேசி முடித்திருந்தால் மோதல் நடந்ததே எனக்குத் தெரியாது. நடுவில் சிக்னலுக்கு வலுவூட்டி அனுப்பும் ரிப்பீட்டர்களின் தாமதத்தையும் சேர்த்து இதற்கு 51.2 மைக்ரோ விநாடி என்று வரையறுத்தார்கள். அந்த நேரத்தில் 512 பிட், அதாவது 64 பைட் போகும். ஈதர்நெட் செய்தி எதுவும் 64 பைட்டுக்குக் குறையக்கூடாது என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. சொல்ல ஒரே ஒரு எழுத்துதான் இருக்கிறது என்றாலும் வெற்றுப் பைட்டுகளைப் போட்டு நிரப்ப வேண்டும்.

மோதிய பிறகு செய்வதும் அழகு. முதல் மோதலுக்குப் பின் 0, 1 இரண்டில் ஒன்றைக் குலுக்கி எடுத்து அத்தனை 51.2 மைக்ரோ விநாடி பொறுக்க வேண்டும். மறுபடி மோதினால் 0 முதல் 3 வரை, அப்புறம் 7 வரை என்று விரிந்து 1,023 வரை போகும். 16 முறையும் மோதினால் கைவிட்டுவிடும். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று யாரும் எண்ணிச் சொல்லவில்லை. தான் எத்தனை முறை மோதினோம் என்பதை வைத்தே ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நெரிசலை ஊகித்துக்கொள்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

சரி, இதையே வைஃபையிலும் செய்ய வேண்டியதுதானே? முடியாது. வைஃபை ரேடியோ அனுப்புவது 100 மில்லிவாட் அளவில். சில அறைகள் தள்ளியிருக்கும் இன்னொரு கருவியின் அலை இங்கே வந்து சேரும்போது அதில் நூறு கோடியில் ஒரு பங்காகக்கூடத் தேய்ந்திருக்கும். தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்பது, அலறும் ஒலிபெருக்கியின் வாயில் நின்றுகொண்டு தெருக்கோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது மாதிரி.

கேட்க முடிந்தாலும் பிரச்சினை தீராது. ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது. லேப்டாப் ஒரு கோடி அறையில், போன் மறுகோடி அறையில். இரண்டுக்கும் ரவுட்டர் எட்டும், ஒன்றுக்கொன்று எட்டாது. இரண்டும் கவனித்துப் பார்த்து, அமைதியாக இருக்கிறது என்று நம்பி, ஒரே நேரத்தில் அனுப்பும். மோதல் நடப்பது ரவுட்டரின் ஆன்டெனாவில். அனுப்பிய இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஃபௌவாட் டொபாகியும் லியோனார்ட் கிளைன்ராக்கும் 1975-லேயே இந்த ‘மறைந்த நிலைய’ச் சிக்கலை அலசி எழுதிவிட்டார்கள்.

ஆகவே 1997-ல் வந்த வைஃபை தரவிதி, மெட்கால்ஃபின் ‘முதலில் கவனி’யை வைத்துக்கொண்டு, மோதலைக் கண்டுபிடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஹவாயின் ‘கிடைத்தது’ பதிலுக்குத் திரும்பிப் போனது. கம்பி ஈதர்நெட்டில் அந்தப் பதில் கிடையாது. வைஃபையில் ஒரு குறிப்பிட்ட கருவிக்கென்று போகும் செய்தி ஒவ்வொன்றுக்கும் அது வந்தாக வேண்டும்.

நாம் வீட்டில் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றை மட்டும் பார்ப்போம். காற்று அமைதியானதும் எல்லோரும் 28 மைக்ரோ விநாடி பொறுக்கிறார்கள். அதன்பின் ஒவ்வொருவரும் 0 முதல் 15-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, எண்ணுக்கு 9 மைக்ரோ விநாடி வீதம் இறங்கி எண்ணுகிறார்கள். லேப்டாப்புக்கு 7, போனுக்கு 3 என்றால் போன் முதலில் பூஜ்யத்தைத் தொட்டு அனுப்பத் தொடங்கும். லேப்டாப் அதைக் கேட்டதும் மீதி இருக்கும் 4-ஐக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அடுத்த சுற்றில் 4-லிருந்து தொடரும். இப்படி, நெடுநேரம் காத்திருப்பவருக்கு வாய்ப்பு தானாகவே நெருங்கி வரும். போன் அனுப்பி முடித்த 10 மைக்ரோ விநாடியில் ரவுட்டர் ‘கிடைத்தது’ என்று சொல்லும். மற்றவர்கள் குறைந்தது 28 பொறுக்க வேண்டியிருப்பதால் அதற்குள் யாரும் குறுக்கே வர முடியாது. இங்கே முன்னுரிமை என்பது இடைவெளியின் நீளம், அவ்வளவுதான்.

மறைந்த நிலையத்துக்கு மருந்தாக ‘அனுப்பட்டுமா’, ‘அனுப்பு’ என்ற இரு சிறு செய்திகள் உண்டு. ரவுட்டர் சொல்லும் ‘அனுப்பு’ எல்லோருக்கும் கேட்கும். எவ்வளவு நேரம் வாய் திறக்கக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கும். இந்த முன்னுரைக்கே நேரம் செலவாவதால் எல்லாச் செய்திக்கும் இதைப் பயன்படுத்துவதில்லை.

இத்தனை காத்திருப்பும் சேரும்போது, பெட்டியில் 54 மெகாபிட் என்று போட்டிருந்த பழைய ரவுட்டர்களில் கைக்கு வந்தது 30-க்கும் கீழே. இன்னொன்று பலருக்கும் தெரியாது. குலுக்கல் சமமாகத் தருவது வாய்ப்பை, நேரத்தை அல்ல. 1,500 பைட் செய்தியை 54 மெகாபிட்டில் அனுப்பக் கால் மில்லி விநாடி போதும். சிக்னல் தேய்ந்த தூரத்து அறையில் 6 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்ட போனுக்கு அதற்கே 2 மில்லி விநாடி வேண்டும். இருவரும் மாறி மாறி அனுப்பினால், ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வேகமான லேப்டாப்புக்கும் சுமார் 5 மெகாபிட்தான் தேறும். ஒரு கருவியின் மெதுவான வேகம் எல்லோருடைய நேரத்தையும் தின்றுவிடுகிறது. பிற்கால ரவுட்டர்கள் சிலவற்றில் நேரத்தையே பங்கிடும் ஏற்பாடு உண்டு.

கம்பியில் இந்தத் தொல்லை தீர்ந்தே போய்விட்டது. 1990-ல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்ச்சைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கேபிள், பிறகு போக ஒரு வழி வர ஒரு வழி என்று ஆனபின் மோத ஆளே இல்லை. 2002-ல் வந்த 10 ஜிகாபிட் தரவிதியில் மோதல் விதிகளுக்கு இடமே வைக்கவில்லை.

காற்றை அப்படி ஆளுக்கொரு கேபிளாகப் பிரிக்க முடியாது. வைஃபை 6-ல் ரவுட்டரே அலைவரிசையைச் சிறு கூறுகளாக்கி, யார் எதில் எப்போது அனுப்பலாம் என்று ஒதுக்கித் தரும் வசதி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ரவுட்டர் அதன் பேச்சைக் கேட்காது. அதோடு பழைய குலுக்கல்தான். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான் என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது வீட்டு ரவுட்டர் யாரோ ஒருவரோடு பங்கு போட்டே ஆக வேண்டும். இடையில் 3, 4 என்று எதையாவது வைத்தால் இரு பக்கத்துக்கும் வெறும் இரைச்சலாகிவிடும். முழுதாக ஒரே சேனலில் இருந்தாலாவது ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிந்து விலகி நிற்பார். நகராத டிவி, மேசைக் கம்ப்யூட்டர் இரண்டையும் கேபிளில் மாட்டிவிட்டால், அவை காற்றில் எடுத்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் போன்களுக்குக் கிடைக்கும்.