மாடி எழுப்புமுன் விமான நிலையத்தைக் கேளுங்கள்

மேல்தளக் கொன்கிறீட் போட்டு, தண்ணித் தாங்கியையும் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் உயர அனுமதி, அதாவது விமானப் பாதைக்குத் தடையில்லாமல் கட்டடம் இவ்வளவு உயரம் போகலாம் என்ற அனுமதி, கேட்டு வருகிறார்கள். இரத்மலானை விமான நிலையத்தைச் சுற்றி இரத்மலானை, அத்திடிய, பெல்லன்வில, அந்தப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்தைச் சுற்றி சீதுவை, மினுவாங்கொடை என்று இடம் மட்டும்தான் மாறுகிறது. கோப்பைத் திறந்தால் காணி வாங்கியாயிற்று, வங்கிக் கடன் எடுத்தாயிற்று, ஐந்தாம் மாடிக்கு ஆள் முற்பணமும் கட்டியாயிற்று. "ஒரு கடிதம்தானே சேர், தாங்கோவன்" என்று கேட்கிறார்கள். இந்த மாதிரிக் கோப்புகள் அளவுக்கு மிஞ்சிவிட்டதால்தான் இதை எழுதவேண்டி வந்தது.

எல்லோரும் சொல்லும் நியாயம் ஒன்றுதான். "எங்கள் வீட்டுக்கு மேலால் போகும் பிளேன் எவ்வளவோ உயரத்தில் போகிறது. மொட்டைமாடிக்கும் அதற்கும் இடையில் இன்னும் பத்து மாடி கட்டலாமே!" படித்தவர்களும் சொல்கிறார்கள், சில கட்டடக்கலைஞர்களும் சொல்கிறார்கள்.

சரி, கணக்குப் பார்ப்போம். வழமையாக இறங்கும் விமானம் 3 பாகைச் சரிவில் வரும். ஓடுபாதைத் தொடக்கத்தை ஏறத்தாழ 15 மீற்றர் உயரத்தில் கடக்கும். அப்படியென்றால் ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் உங்கள் கூரைக்கு மேலால் அது ஏறக்குறைய 67 மீற்றர் உயரத்தில் போகும். நீங்கள் அண்ணாந்து பார்ப்பது இந்த விமானத்தை. இரண்டு எஞ்சினும் வேலை செய்கிற, வானம் வெளித்திருக்கிற, விமானிக்கு எல்லாம் தெரிகிற நாளின் விமானம் அது.

விதி எழுதப்பட்டிருப்பது வேறொரு விமானத்துக்காக. நிறைந்த பாரத்தோடு ஓடுபாதையில் வேகமெடுத்து, இனி நிறுத்த முடியாது என்ற கட்டத்தைத் தாண்டிய பிறகு ஓர் எஞ்சின் நின்றுபோகிறது. இரட்டை எஞ்சின் ஜெட் விமானம், சக்கரங்களை உள்ளே எடுத்த பின், மிச்சமிருக்கும் எஞ்சினால் குறைந்தது 2.4 சதவீத ஏற்றம் ஏறக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதுதான் சான்றிதழ் நிபந்தனை. தடைகளுக்கான கணக்கில் அதிலிருந்து 0.8 கழிக்கப்படும். மிஞ்சுவது 1.6 சதவீதம், அதாவது ஒரு கிலோமீற்றருக்கு 16 மீற்றர். நீங்கள் 67 மீற்றரைப் பார்த்துக்கொண்டு பேசுகிறீர்கள், விமான நிறுவனம் 16 மீற்றரை வைத்துக்கொண்டு பாரம் கணக்கிடுகிறது. நடுவில் ஒரு கட்டடம் எழும்பினால் விமானம் அதில் மோதும் என்று யாரும் சொல்லவில்லை. மோதாமலிருக்கப் பயணிகளையோ சரக்கையோ எரிபொருளையோ குறைத்துக்கொண்டுதான் அது புறப்படும்.

இறங்கும் பக்கத்துக்கும் கோடு உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14 ஆவது இணைப்பின்படி, கருவி உதவியோடு இறங்கும் பெரிய ஓடுபாதைகளுக்கு, தொடக்கக் கோட்டிலிருந்து 60 மீற்றர் வெளியே ஒரு சாய்வுத் தளம் ஆரம்பிக்கிறது. அகலம் 280 மீற்றர். இரண்டு பக்கமும் 15 சதவீதம் விரிந்துகொண்டே போகும். உயர்வு 2 சதவீதம்தான், 50 மீற்றர் போனால் ஒரு மீற்றர். இந்தத் தளத்தை எதுவும் துளைக்கக்கூடாது. பக்கவாட்டிலும் சும்மா விடுவதில்லை. நடுக்கோட்டிலிருந்து 140 மீற்றர் வரை ஓடுபாதைப் பட்டை, அதாவது ஓடுபாதையைச் சுற்றித் தடையில்லாமல் விடும் நிலம். அதன் விளிம்பிலிருந்து உயர எல்லை, ஏழு மீற்றருக்கு ஒரு மீற்றர் என்று 45 மீற்றர் வரை ஏறும். பிறகு 4 கிலோமீற்றர் ஆரை வரை 45 மீற்றரிலேயே தட்டையாக நிற்கும். அங்கிருந்து 5 சதவீதச் சரிவில் இன்னும் 100 மீற்றர் ஏறும்.

இனி உங்கள் பிளானைப் பார்ப்போம். காணி, ஓடுபாதைத் தொடக்கக் கோட்டிலிருந்து 1,060 மீற்றர் தூரத்தில், நேர்கோட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கழித்தால் 1,000, அதில் 2 சதவீதம் 20 மீற்றர். இது உங்கள் முற்றத்திலிருந்து அளக்கும் 20 அல்ல, ஓடுபாதைத் தொடக்கத்தின் மட்டத்திலிருந்து அளப்பது. உங்கள் நிலம் அதைவிட 3 மீற்றர் மேடென்றால் கையில் 17 மீற்றர்தான். ஒரு மாடிக்கு 3.2 மீற்றர் வைத்து ஐந்து மாடி 16 மீற்றர், கைபிடிச் சுவர் ஒன்று, அதற்கு மேல் லிப்ட் அறையும் தாங்கியும் மூன்று. மொத்தம் 20. "ஐந்து மாடிதானே" என்றவர் 3 மீற்றர் துளைத்துவிட்டார்.

அந்த 3 மீற்றரின் விலை என்ன தெரியுமா? கட்டடத்தை இடிக்க முடியாவிட்டால் இறங்கும் தொடக்கக் கோட்டை உள்ளே நகர்த்தவேண்டும். 2 சதவீதச் சரிவில் 3 மீற்றருக்கு 150 மீற்றர். இரத்மலானை ஓடுபாதையே சுமார் 1,830 மீற்றர்தான். இறங்க 1,680 மிஞ்சும். "அதுவே தாராளம்" என்பீர்கள். ஜெட் விமானம், இறங்கக் கிடைக்கும் தூரத்தின் 60 சதவீதத்துக்குள் நிற்கக்கூடியதாக இருக்கவேண்டும், ஈரமென்றால் அதற்கு மேல் 15 சதவீதம் கூடுதல் இடம் வேண்டும். முழு ஓடுபாதையில் மழை நாளில் விமானம் இறங்கி நிற்கக் கணக்கில் 955 மீற்றர் இருந்தது, இப்போது 877 ஆகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்த 78 மீற்றருக்காக ஒரு விமானம் வராமலே போகலாம்.

அடுத்த நியாயம், "பக்கத்தில் அதைவிட உயரமான கட்டடம் இருக்கிறதே." ஏற்கெனவே நிலையாக நிற்கும் தடையின் மறைவில் வருவதை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ஆராய்ந்து ஏற்கலாம். அதை நீங்களே தீர்மானித்துக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டுத் தென்னையைக் காட்டவும் வேண்டாம், மரத்தை வெட்டலாம்.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். நில அளவையாளரிடம் காணியின் ஆள்கூறுகளையும், சராசரிக் கடல் மட்டத்திலிருந்து நிலத்தின் உயரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். கைத்தொலைபேசி வரைபடம் காட்டும் உயரம் எடுபடாது. விண்ணப்பத்தில் மாடி எண்ணிக்கையை எழுதாதீர்கள், ஆக உச்சியை மீற்றரில் எழுதுங்கள். இடிதாங்கி, அன்ரெனா, விளம்பரப் பலகை, பிறகு போட நினைத்திருக்கும் சோலர் சட்டகம் எல்லாம் அதற்குள் வரவேண்டும். இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் உயர அனுமதி கையில் வந்த பிறகு நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கும் உங்கள் உள்ளூராட்சி சபைக்கும் போங்கள். வரிசையை மாற்றினால் இரண்டு முறை பிளான் கீறும் செலவு உங்களுடையது.

கொந்தராத்துக்காரர்களுக்கு ஒன்று. கட்டடம் 17 மீற்றருக்குள் அடங்கலாம், அதைக் கட்டும் கிரேன் அடங்காது. கிரேனுக்குத் தனி அனுமதி எடுங்கள். கிரேனின் கைமரம் உச்சத்துக்கு நிமிர்ந்து நிற்கும் உயரத்தைக் கொடுங்கள், கிரேனை நாட்டும் நாளையும் கழற்றும் நாளையும் கொடுங்கள். விமானிகளுக்கு அறிவித்தல் போவது அந்தத் திகதிகளை வைத்துத்தான். "இன்னும் இரண்டு கிழமை" என்று சொல்லாமல் நீட்டுவது மகா தவறு.

உயரமில்லாத தொல்லைகளும் உண்டு. பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலம் 1990 இலிருந்து சரணாலயம். பறவைகள் அங்கே இருப்பது இயல்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஓரத்தில் மீன் கழிவையும் கோழிக் கழிவையும் கொட்டிக் காகத்தையும் பருந்தையும் விமானப் பாதைக்குள் கூப்பிடுவது மனிதர்கள் செய்யும் வேலை. கடைக்காரர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

பிள்ளைகளின் பட்டத்தைப் பற்றிக் கடிந்து பேச மனம் வரவில்லை. என்றாலும் ஓடுபாதை முனையிலிருந்து 2 கிலோமீற்றரில் விமானம் வருவது வெறும் 120 மீற்றர் உயரத்தில். நல்ல காற்றில் அந்த அளவு நூல் ஒரு பின்னேரத்திலேயே ஏறிவிடும். சின்னப் பயிற்சி விமானத்தின் சுழல்விசிறியில் நைலோன் நூல் சுற்றினால் உள்ளே இருக்கும் மாணவ விமானிக்குச் செய்ய அதிகமில்லை. காலிமுகத்திடல் இருக்கிறது, காற்றும் நன்றாக வீசுகிறது. அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.