‘மாதிரி’க்கு யாராவது காசு கேட்பார்களா?

நீடாமங்கலம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் மூன்று பக்கத் தாள் ஒன்றோடு கும்பகோணத்தில் என் அச்சகத்துக்கு வந்தார். பில் புத்தகம் அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தாளை மேசைமேல் போட்டுவிட்டு, “என்னண்ணே, மாதிரிக்கெல்லாமா காசு கேப்பாங்க?” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வரும் கடைக்காரர்களின் செய்திகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் போட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் அனுப்பிய விலைப்பட்டியல் அது. முழுக்கத் தமிழில். அந்த மட்டும் சந்தோஷம். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்: ‘பழைய மாதிரி’ என்று ஒரு வரி, பக்கத்தில் மாதக் கட்டணம். ‘புதிய மாதிரி’ என்று இன்னொரு வரி, அதற்கும் மாதக் கட்டணம். கீழே பொடி எழுத்தில், ‘புதிய மாதிரி பழைய மாதிரியைப் போலன்றித் தமிழை நன்கு புரிந்துகொள்ளும்’.

தம்பியின் கோபத்தில் தப்பில்லை. அரிசி வியாபாரத்தில் மாதிரி என்றால் ஒன்றுதான். சாக்கில் குத்தூசியைச் செருகி உருவினால் கையில் வந்து விழுமே, அது. அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டிக் கடைக்கு அனுப்புவார்கள். பிடித்தால் லோடு, பிடிக்காவிட்டால் அந்த அரைக் கிலோ போனது போனதுதான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க எடுப்பதும் மாதிரிதான். டெல்டாவில் பிறந்த எவனும் மாதிரிக்குக் காசு கேட்டுக் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் தாளை எழுதியவர் சொல்ல நினைத்தது ‘மாடல்’. சாட்பாட்டுக்குள் உட்கார்ந்து பதில் எழுதும் இயந்திர மூளைக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். மாடல் என்றால் மாதிரி என்று அகராதியில் முதல் வரியில் இருக்கும். எடுத்துப் போட்டுவிட்டார். ‘பெரிய மொழி மாதிரி’, ‘மாதிரியைப் பயிற்றுவித்தல்’, ‘அடுத்த தலைமுறை மாதிரி’ என்று இரண்டு மூன்று வருடமாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தாளோடு பொறுமை போய்விட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடல் இலத்தீனில் ‘மோடுஸ்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. அதற்கு அளவு என்று பொருள். அதன் சிறுமை வடிவம் ‘மோடுலுஸ்’. அது இத்தாலி, பிரான்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் மாடல் ஆயிற்று. அதே மோடுலுஸ் இன்னொரு வழியாகப் போய் ‘மோல்டு’ ஆனது. நம் பட்டறைகளில் சொல்லும் அச்சு, வார்ப்படம். ஆக மாடலும் மோல்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும். மாதிரி என்ற சொல் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய இதே வடிவில் உண்டு, கன்னடத்தில் மாதரி. தமிழில் அது செய்யும் வேலைகள் மூன்று: ஒன்றைப் போல இருப்பது, பார்த்துச் செய்ய வைத்திருப்பது, மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு பிடி. மாதிரிப் பள்ளி, மாதிரிப் பண்ணை, மாதிரி வினாத்தாள் எல்லாம் சரியான வழக்கு. அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, சாட்ஜிபிடிக்குள் வேலை செய்யும் ஜிபிடி வகையறாவை மாதிரி என்பதோடு. முதலில், அது எதைப் போலவும் இல்லை. யாரும் அதைப் பார்த்து வேறொன்று செய்வதற்காகவும் வைத்திருக்கவில்லை. வேலைக்கு வைத்திருக்கிறார்கள். மாதிரி வீட்டில் யாரும் குடியிருப்பதில்லை, இதில் ஊரே குடியிருக்கிறது.

இரண்டாவது இன்னும் மோசம். புள்ளியியலில் மாதிரி என்ற சொல்லை எப்போதோ வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம். தேசிய மாதிரி ஆய்வு என்று அரசு நடத்துகிறதே, அந்த மாதிரி சாக்கில் எடுத்த ஒரு பிடிதான். இந்த இயந்திரங்களும் புள்ளியியலின் பிள்ளைகள். ஆகவே இவற்றைப் பற்றி ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் ‘மாதிரியை மாதிரிகளைக் கொண்டு பயிற்றுவித்தனர்’ என்று எழுத வேண்டி வரும். எழுதியிருக்கிறார்கள். நான் மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். எது எதைத் தின்றது என்று யாருக்குப் புரியும்?

மூன்றாவது, பேச்சில் மாதிரி ஒரு உருபு போலவே ஆகிவிட்டது. அந்த மாதிரி, இந்த மாதிரி, அவன் மாதிரி, மழை வரும் மாதிரி. நாளைக்கு நூறு தடவை வாயில் வருகிற சொல்லைக் கலைச்சொல்லாக்கினால், ‘இந்த மாதிரி மாதிரி பழைய மாதிரி மாதிரி இல்லை’ என்றுதான் முடியும். ‘பழைய மாதிரி’ என்றாலே நமக்கு ‘முன்பு போல’ என்றுதான் காதில் விழும். பழைய மாதிரியே பதில் சொல்கிறது என்று ஒருவர் குறை சொன்னால், பழைய மாடல் பதில் சொல்கிறதா, புதியது முன்பு போலவே உளறுகிறதா? வியாபாரத்தில் இந்தக் குழப்பம் பணக் குழப்பம்.

மாதிரியை விட்டு ஓடியவர்கள் சிலர் ‘படிமம்’ என்கிறார்கள். அது கவிதைக்காரர்கள் சொத்து, அவர்களிடமே இருக்கட்டும். ‘மாதிரியுரு’ என்றும் பார்த்திருக்கிறேன். நோய்க்கு வால் ஒட்டியது போல இருக்கிறது.

‘பதிப்பு’ என்பவர்கள்தான் ஆபத்தானவர்கள். காதுக்கு நன்றாக இருப்பதால் ஆபத்து. பதிப்பு அச்சகக்காரன் சொல், எனக்குத் தெரியும். இரண்டாம் பதிப்பு என்றால் அதே புத்தகம், பிழை திருத்தி, கொஞ்சம் சேர்த்து. வந்துவிட்டால் முதல் பதிப்பைப் பழைய பேப்பர்க்காரனிடம் போடலாம். இந்த மாடல்கள் அப்படியா? 2025 ஆகஸ்ட் 7 அன்று, சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-5 வெளியிட்டு, அன்றே சாட்ஜிபிடியிலிருந்து பழைய ஜிபிடி-4ஓவைத் தூக்கியது. ஆட்கள் கொதித்துப் போனார்கள், பழையதைத் திருப்பிக் கொடு என்று. சில நாளில் காசு கட்டுபவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். திருத்திய பதிப்பு வந்ததற்காகப் பழைய பதிப்பைக் கேட்டு யாராவது அழுவார்களா? பழையதும் புதியதும் தனித்தனி ஆசாமிகள். பெயர்தான் ஒரே குடும்பப் பெயர்.

விலையையும் பதிப்பு என்ற சொல் மறைத்துவிடும். புதியது என்றால் விலை கூடும் என்று கார் வாங்குகிறவர்கள் போல நினைத்துக்கொள்கிறோம். 2023 மார்ச்சில் ஜிபிடி-4 வந்தபோது, நாம் உள்ளே அனுப்பும் எழுத்துக்கு 10 லட்சம் டோக்கனுக்கு 30 டாலர். 2024 மே மாதம் 4ஓ வந்தது, 5 டாலர். அதே ஆண்டு ஜூலையில் அதன் சிறிய தம்பி 4ஓ மினி, 15 சென்ட். இதில் பழசு புதுசு மட்டுமில்லை, பெரிசு சிறிசும் இருக்கிறது. விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார்.

டோக்கன் என்றதும் டெல்டாக்காரனுக்கு நெல் போட வரிசையில் நிற்கக் கொடுக்கும் சீட்டுதான் ஞாபகம் வரும். இது வேறு. இயந்திரம் எழுத்தை விழுங்குவதற்கு முன் நறுக்கிக்கொள்ளும் துண்டு. துணுக்கு என்றே சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. பழைய ஜிபிடி-4 தமிழைக் குதறு குதறென்று குதறும். 4ஓ வந்தபோது நறுக்கும் முறையை மாற்றினார்கள். ஓப்பன்ஏஐ எடுத்துக்காட்டாகக் கொடுத்த ஒரு தமிழ்ப் பகுதி முன்பு 116 துணுக்கு, பிறகு 35. கட்டணம் துணுக்குக் கணக்கில் என்பதால், தமிழில் வியாபாரம் செய்கிறவனுக்கு விலைக் குறைப்புக்கு மேல் இது இன்னொரு குறைப்பு. தம்பியின் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘நன்கு புரிந்துகொள்ளும்’ என்று மட்டும் இருந்தது.

சரி, என் சொல் என்ன? வார்ப்பு. மொழி வார்ப்பு. வார் என்றால் ஊற்று. தோசை வார்க்கிறோம், வார்ப்பிரும்பு என்கிறோம். கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சுவாமிமலை இருக்கிறது, போய்ப் பாருங்கள். மெழுகில் உரு பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். உடைத்த அச்சு திரும்ப உதவாது. அடுத்த சிலைக்கு முதலிலிருந்து மெழுகு பிடிக்க வேண்டும். ஊற்றி ஆறிய பிறகு உளியால் செதுக்கி நேர்த்தி செய்யலாம், இன்னொரு கை முளைக்க வைக்க முடியாது. மாடல்களைப் பயிற்றுவித்து முடித்த பிறகு செய்யும் நேர்த்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான். மாடலும் மோல்டும் உடன்பிறப்பு என்றேனே, பிறப்பு வழியாகப் பார்த்தாலும் வார்ப்பு பொருந்துகிறது.

விக்கிப்பீடியாவில் வார்ப்புரு என்றால் டெம்ப்ளேட் ஆயிற்றே, குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். வார்ப்புரு அச்சு, வார்ப்பு அதிலிருந்து வந்த பொருள். இட்லித் தட்டுக்கும் இட்லிக்கும் குழம்புகிறவர் குழம்பட்டும்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இவ்வளவு எதுக்குண்ணே? ரகம்னு போட்டா முடிஞ்சுது” என்றார்.

ரகம் உருது வழியாக வந்த அரபுச் சொல் என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது, ரகம் ரகமாக வெளியிடுகிறார்கள், ஒன்று வந்ததால் மற்றது செத்ததா என்று கேட்டார். குறுவைக்கு ஏடிடி 43 போடுகிறவன் சம்பாவுக்கு சிஆர் 1009 போடுகிறான். புதுசா என்று எவனும் கேட்பதில்லை. என் வயலுக்கு ஆகுமா, எத்தனை நாள், சன்னமா மோட்டாவா என்றுதான் கேட்கிறான்.

எனக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆங்கிலத்தில் மாடல் என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. கார் மாடல் என்னும்போது வகை, மொழி மாடல் என்னும்போது பயிற்றுவித்து உருவாக்கிய பொருள். விலைப்பட்டியலில் கட்டம் போட்டு எது வேண்டும் என்று கேட்கும் இடத்தில் முதல் பொருள்தான். அங்கே ரகம் போதும். தமிழ்ச் சொல்லே வேண்டும் என்றால் வகை இருக்கிறது, சந்தையில் ரகத்தின் முன் நிற்காது. பொருள் என்ன என்று விளக்கும் இடத்தில் வார்ப்புதான். ஆனால் ரகத்தில் ஒரு இடறல் உண்டு. பழைய நெல் ரகம் பிடித்திருந்தால் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இந்த நிறுவனங்கள் மாதக் கட்டணத்துக்குத் தருவதை வைத்துக்கொள்ள முடியாது. ஒருநாள் நிறுத்திவிட்டோம் என்பார்கள், நம் கையில் ஒரு மணி இருக்காது.

அடுத்த வாரம் ஆலைக்குப் போனேன். கடைக்காரர்கள் முன்பு அனுப்பிய செய்திகளில் இருபதைப் பொறுக்கி, தாளில் இருந்த பழையது புதியது இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்தோம். ‘அண்ணே சிஆர் 1009 இருவது சிப்பம் ஏத்திவுடுங்க, பழைய பாக்கி ஞாயித்துக்கெழம’ என்று மன்னார்குடிக் கடைக்காரர் ஒருவர் அனுப்பியது முதல் செய்தி. பழையது, 1009 சிப்பங்களுக்கான ஆர்டர் பதிவாகிவிட்டது என்றது. தம்பி சிரித்த சிரிப்பில் கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்தார். புதியது இருபதைச் சரியாகப் பிடித்து, பாக்கியையும் ஞாயிறு என்று குறித்துக்கொண்டது. ஆனால் பதில் பத்து வரி: ‘தங்கள் மேலான கொள்முதல் ஆணை பெறப்பட்டது’ என்று தொடங்கி. என் தமிழ்தான் அது, ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரர் படிக்கமாட்டார். இன்றைய விலை என்ன என்று கேட்டால் பழையது ஒரே வரியில் 26 கிலோ சிப்ப விலையைச் சொல்லிவிட்டு நிறுத்தியது. புதியது எந்த ஊர், எத்தனை சிப்பம், எப்போது வேண்டும் என்று மூன்று கேள்வி கேட்டது.

ஆர்டருக்குப் புதியது, விலை கேட்பவர்களுக்குப் பழையது, இப்போதைக்கு இப்படி என்று தம்பி முடிவு செய்தார். நான் அந்த நிறுவனத்துக்கு, தாளில் மாதிரி வரும் பதினோரு இடத்தையும் சிவப்பில் வட்டமிட்டு, பட்டியலில் ரகம், விளக்கத்தில் வார்ப்பு என்று எழுதி அனுப்பினேன். கூலி கேட்கவில்லை.

திருத்திய தாள் நேற்று வந்தது. கட்டத்தில் முதல் வரி ‘பழைய ரக வார்ப்பு மாதிரி’. இரண்டாவது வரி ‘புதிய ரக வார்ப்பு மாதிரி’.